துப்பாக்கியைக் கொடுத்த கை எது?

விடியற்காலையில் பெரட்டு மணி அடித்ததும் ஆண்களும் பெண்களும் இருட்டோடு இருட்டாகக் களத்தில் கூடி நிற்பார்கள். தண்டல் பேர் கூப்பிடுவார், கிராணி செக்ரோலில் குறித்துக்கொள்வார். சிரம்பான், ரெம்பாவ், தம்பின், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இந்தக் காட்சி மறக்காது. அந்த ரப்பர்க் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டது. லயத்துக் குடும்பங்கள் பல, பட்டணத்துத் தாமான்களுக்கு வந்துவிட்டன. ஆனாலும் செக்ரோல் சொல்லிக் கொடுத்த பாடம் நம்மை விட்டுப் போகவில்லை. பேர் விழுந்தவனுக்குக் கணக்கு உண்டு. பேர் விழாதவன் செய்த வேலைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அரசாங்கங்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. இராணுவச் சிப்பாய்க்கு ஒரு எண், அவன் துப்பாக்கிக்கு ஓர் எண், அவன் செய்வதற்குப் பதில் சொல்ல ஓர் அதிகாரி என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் நாட்டில் சண்டை மூண்டுவிட்டால், செக்ரோலில் முறையாகப் பேர் இல்லாதவர்கள் கையிலும் ஆயுதம் போய்ச் சேருகிறது. துணைப்படை, ஊர்க்காவல் படை, உளவாளி, கூலிப்படை என்று அதற்குப் பல பெயர்கள். இராணுவமும் அவர்களும் கைகோத்து நடக்கிறார்கள். அப்பாவிகள் செத்த பிறகு கேட்டால், ‘அது எங்கள் ஆள் இல்லை’ என்று அரசாங்கம் கையை உதறிவிடுகிறது.

துப்பாக்கியைக் கொடுத்த கை எது? உலகத்தின் பல மூலைகளில் விதவைகளும் தாய்மார்களும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. இதற்கு அரசாங்கங்கள் எப்படிப் பதில் சொன்னன என்பதை இங்கே பார்ப்போம்.

முள்வேலிக் காலம்

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. 1960 ஜூலை 31-ல்தான் அது முடிந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி ஏறியது. கேட்டில் சோதனை நடந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைச் சேர்த்தார்கள். ‘எஸ்.சி.’ என்றால் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். பிறகு ஹோம் கார்டு என்ற ஊர்க்காவல் படையும் வந்தது. அதில் உச்ச காலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தைக் காப்பாற்ற வந்த ஏழைகள்தாம். இரவெல்லாம் கண் விழித்து, கொசுக்கடியில் நின்று, சிலர் உயிரையும் கொடுத்தார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவசரகாலம் முடிந்ததும் ஆயுதங்கள் திரும்பப் பெறப்பட்டன, படைகள் கலைக்கப்பட்டன. பல நாடுகளில் அது நடக்கவே இல்லை என்பதைப் பார்க்கும்போது, இங்கே நடந்தது பெரிய காரியம் என்றே சொல்லவேண்டும்.

ஆனால் நம் மண்ணிலும் ஒரு கணக்கு தீராமல் நிற்கிறது. அது பக்கத்து மாநிலமான சிலாங்கூரில், உலு யாம் அருகே, பத்தாங் காலியில் நடந்தது.

பத்தாங் காலி

1948 டிசம்பர் 11. சுங்கை ரெமோக் என்ற ரப்பர்த் தோட்டத்தில் சீனத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு கொங்சியில் தங்கியிருந்தார்கள். பிரிட்டிஷ் இராணுவத்தின் ஸ்கோட்ஸ் கார்ட்ஸ் பிரிவைச் சேர்ந்த ஒரு ரோந்துப் படை அங்கே வந்தது. உள்ளூர்ப் போலீசைச் சேர்ந்த சிலரும் உடன் வந்தார்கள். ஆண்களைப் பிரித்து இரவெல்லாம் கொங்சியில் அடைத்து வைத்தார்கள். அன்று மாலையே ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், டிசம்பர் 12, பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றினார்கள். அதன்பின் 23 ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். மொத்தம் 24 உயிர்கள். ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை.

தப்பி ஓடப் பார்த்தார்கள், அதனால் சுட்டோம் என்றது இராணுவம். 1949 ஜனவரியில் லண்டன் நாடாளுமன்றத்திலும் அதே பதில்தான். கணவனைப் பறிகொடுத்த பெண்களை அழைத்து, என்ன நடந்தது அம்மா என்று அந்த விசாரணை கேட்கவில்லை.

இருபத்தொரு ஆண்டுகள் போயின. 1970 பிப்ரவரியில் ‘தி பீப்பிள்’ என்ற லண்டன் பத்திரிகை உண்மையைக் கிளறியது. யாரும் தப்பி ஓடவில்லை என்று, அந்த ரோந்தில் இருந்த முன்னாள் சிப்பாய்களே சத்தியப் பிரமாணம் கொடுத்தார்கள். அப்போதைய தற்காப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி விசாரணைக்கு உத்தரவிட்டார். ஸ்கோட்லாந்து யார்டு வேலையைத் தொடங்கியது. ஜூனில் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, விசாரணை நின்றது. விசாரணை அதிகாரிகள் மலேசிய மண்ணில் கால் வைக்கவே இல்லை. 1993-ல் நம் நாட்டுப் போலீசும் விசாரணை தொடங்கியது. அதுவும் முடிவு காணாமல் நின்றது.

குடும்பத்தார் விடவில்லை. லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் கேட்டது ஒரு பொது விசாரணை மட்டுமே. 2012 செப்டம்பரில் அங்குள்ள உயர் நீதிமன்றம், இது திட்டமிட்ட கொலை என்று காட்டும் சான்றுகள் உண்டு என ஒப்புக்கொண்டது. ஆனால் விசாரணை நடத்தும்படி அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொல்லிவிட்டது. 2015 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் அப்படியே தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் ஒரே ஒருவர், லேடி ஹேல் என்ற பெண் நீதிபதி, குடும்பத்தார் பக்கம் நின்றார்.

காலம் கடந்துவிட்டது என்பதே அரசாங்கத் தரப்பு வாதம். காலத்தைக் கடத்தியது யார், வாசகர்களே?

மலாயாவிலிருந்து பெல்பாஸ்ட்டுக்கு

மலாயாவில் பயின்ற பாடங்களைப் பிரிட்டிஷ் இராணுவம் மூட்டை கட்டி வைத்துவிடவில்லை. கென்யாவிலும் மலாயாவிலும் பணியாற்றிய பிராங்க் கிட்சன் என்ற அதிகாரி 1970-ல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகருக்குப் படைத் தலைவராகப் போனார். எதிரிக் கூட்டத்துக்குள் ஆள் வைப்பது, எதிரிக்கு எதிராக இன்னொரு கூட்டத்தை உருவாக்குவது போன்ற உபாயங்களைப் பற்றிப் புத்தகமே எழுதியவர் அவர்.

வட அயர்லாந்தில் அப்போது கத்தோலிக்கருக்கும் புரோட்டஸ்டண்டுகளுக்கும் இடையே கொடிய சண்டை. பிரிட்டனிலிருந்து பிரிய விரும்பிய ஐ.ஆர்.ஏ. ஒரு பக்கம் குண்டு வைத்துக் கொன்றது. பிரிட்டனோடு இருக்க விரும்பிய யூ.டி.ஏ. போன்ற ஆயுதக் கும்பல்கள் மறு பக்கம் கொன்றன. நடுவே இராணுவம்.

1989 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. பேட்ரிக் பினுகேன் என்ற வழக்கறிஞர் பெல்பாஸ்ட்டில் தம் வீட்டில் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் உணவு மேசையில் இருந்தார். முகமூடிக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே வந்து, பிள்ளைகள் கண் முன்னாலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மனைவி ஜெரால்டினும் காயமடைந்தார். நாங்கள்தான் செய்தோம் என்று யூ.டி.ஏ. கூட்டத்தார் சொல்லிக்கொண்டார்கள்.

செய்த கும்பல் தெரிந்துவிட்டது, அதோடு கதை முடிந்தது என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்த மனைவி, என் கணவரைக் காட்டிக் கொடுத்தது யார் என்று கேட்டார். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கும்பலுக்கு ஆட்களின் விவரம் திரட்டிக் கொடுத்த பிரையன் நெல்சன், இராணுவத்திடம் சம்பளம் வாங்கிய உளவாளி. ஆயுதம் கொடுத்த வில்லியம் ஸ்டோபி, போலீசுக்குத் தகவல் கொடுப்பவன். சுட்ட கைத்துப்பாக்கியோ, இராணுவ முகாமிலிருந்து களவு போனது!

அரசாங்கம் நீண்ட காலம் மறுத்தது. 2003-ல் ஜோன் ஸ்டீவன்ஸ் என்ற போலீஸ் உயரதிகாரி, கூட்டு இருந்தது உண்மைதான் என்று அறிக்கை கொடுத்தார். 2004-ல் கனடா நாட்டு நீதிபதி பீட்டர் கோரி, பொது விசாரணை தேவை என்று பரிந்துரைத்தார். அதையும் தள்ளிப் போட்டார்கள். கடைசியில் சர் டெஸ்மண்ட் டி சில்வா என்ற வழக்கறிஞரிடம் கோப்புகளைக் கொடுத்து ஆராயச் சொன்னார்கள். 1985-ம் ஆண்டு நிலவரப்படி, யாரைத் தாக்குவது என்று யூ.டி.ஏ. வைத்திருந்த விவரங்களில் 85 விழுக்காடு பாதுகாப்புப் படையினர் வழியாகவே வந்தவை என்று உளவுத்துறையே கணித்திருந்தது. டி சில்வாவின் அறிக்கை அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மேலிடத்துப் பெருஞ்சதி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அரசு ஊழியர்களின் துணையில்லாமல் அந்தக் கொலை நடந்திருக்காது என்பதை மறைக்கவும் இல்லை.

பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அதிர்ச்சி தரும் அளவுக்குக் கூட்டு நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். அந்த நாள் 2012 டிசம்பர் 12. பத்தாங் காலியில் 23 பேர் விழுந்து சரியாக 64 ஆண்டுகள் நிறைந்த நாள். அதே அரசாங்கம், அதே ஆண்டில், பத்தாங் காலிக் குடும்பங்களை நீதிமன்றத்தில் எதிர்த்து நின்றது.

ஜெரால்டின் மன்னிப்போடு நிறைவடையவில்லை. மீண்டும் வழக்காடினார். முறையான விசாரணை இதுவரை நடக்கவில்லை என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் அவர் சொன்னதை ஏற்றது. 2024 செப்டம்பரில், பொது விசாரணை நடத்தப்படும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. கொலை நடந்து 35 ஆண்டுகள்! மேசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நடுத்தர வயதை எட்டிவிட்டார்கள்.

கிழக்கிலங்கையின் கண்ணீர்

இனி நம் சொந்தங்களிடம் வருவோம். சிரம்பானிலும் சுற்று வட்டாரத்திலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. இரயில்வேயிலும் தோட்டத்து ஆபீசிலும் கிராணிமாராக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இலங்கையில் ஒரு வெடி வெடித்தால் இங்கே ஒரு வீட்டில் அழுகுரல் கேட்கும்.

இலங்கை அரசாங்கம் 1980-களில் ஊர்க்காவல் படையை ஏற்படுத்தியது. புலிகள் சிங்கள, முஸ்லிம் கிராமங்களைத் தாக்கி அப்பாவிகளைக் கொன்றார்கள் என்பதும் உண்மை. அந்தக் கிராமத்தாருக்குக் காவல் தேவைப்பட்டது. ஆனால் காவலுக்குக் கொடுத்த துப்பாக்கி காவலோடு நிற்கவில்லை.

1996 பிப்ரவரி 11. திருகோணமலை மாவட்டத்தில் குமாரபுரம் என்ற ஏழைத் தமிழ்க் கிராமம். அருகே இரண்டு சிப்பாய்களைப் புலிகள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அதன்பின் இராணுவத்தினரும் ஊர்க்காவல் படையினரும் சேர்ந்து கிராமத்துக்குள் புகுந்தார்கள். குறைந்தது 24 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் சிறு பிள்ளைகளும் அடக்கம். உயிர் தப்பியவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். வழக்கு இருபது ஆண்டுகள் இழுத்தது. 2016 ஜூலையில் அனுராதபுரம் உயர் நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட ஆறு முன்னாள் இராணுவத்தினரை விடுதலை செய்தது.

2006 ஆகஸ்டில் மூதூரில் இன்னொரு கொடுமை. புலிகளுக்கும் படையினருக்கும் அங்கே கடும் சண்டை நடந்துகொண்டிருந்தது. பட்டினியை ஒழிக்கப் பாடுபடும் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த 17 உள்ளூர் ஊழியர்கள் தங்கள் அலுவலக வளாகத்திலேயே கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை உடம்பில் இருந்தது. 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். போர்நிறுத்தத்தைக் கண்காணித்த நோர்டிக் நாட்டவர் குழு, பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்றது. அரசாங்கம் மறுத்தது. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற யாழ்ப்பாண அமைப்பு 2008-ல் அறிக்கை வெளியிட்டது. ஓர் ஊர்க்காவல் படையாளும் இரண்டு போலீஸ்காரர்களும், கடற்படைச் சிறப்புப் படையினர் உடனிருக்க, இதைச் செய்தார்கள் என்று அது கூறியது. அந்தக் கொலைகளுக்கு ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அதே காலத்தில் மட்டக்களப்புப் பகுதியில் தாய்மார்கள் வேறு விதமாக அழுதார்கள். 2004-ல் புலிகளிடமிருந்து பிரிந்த கருணா குழுவினர் ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். புலிகளும் முன்பு இதைத்தான் செய்தார்கள். 2006 நவம்பரில் ஐ.நா. சார்பில் வந்த அலன் ராக், படையினரில் சிலர் இதற்கு உடந்தை என்று பகிரங்கமாகச் சொன்னார். விசாரிப்போம் என்றது அரசாங்கம். அந்தக் குழுவின் தலைவர் 2008-ல் நாடாளுமன்றத்துக்கும் 2009-ல் அமைச்சர் பதவிக்கும் போனார்.

கமிஷனுக்கு மேல் கமிஷன்

இலங்கை அரசாங்கம் பதிலே சொல்லவில்லை என்று கூறமுடியாது. கமிஷன் வைப்பதில் அதற்கு ஈடு இல்லை எனலாம். 2006-ல் நீதிபதி உடலாகம தலைமையில் 16 சம்பவங்களை விசாரிக்க ஒரு கமிஷன் வந்தது. மூதூர் கொலையும் அதில் ஒன்று. அதைக் கண்காணிக்க, இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பகவதி தலைமையில் வெளிநாட்டு நிபுணர்களை அழைத்தார்கள். சாட்சிகளுக்குப் பாதுகாப்பு இல்லை, உண்மையைக் காணும் மனமும் அரசாங்கத்துக்கு இல்லை என்று சொல்லி, 2008-ல் அந்த நிபுணர்கள் விலகிக்கொண்டார்கள். கமிஷன் பாதி வழியில் நின்றது. அதன் அறிக்கை 2015-ல்தான் மக்கள் கண்ணில் பட்டது.

போர் முடிந்தபின் 2010-ல் இன்னொரு ஆணைக்குழு வந்தது. சட்ட விரோத ஆயுதக் குழுக்களிடமிருந்து ஆயுதத்தைக் களையுங்கள் என்று அதுவே சொன்னது. 2013-ல் காணாமற்போனோருக்காக நீதிபதி பரணகம தலைமையில் ஒரு கமிஷன். அதற்கு ஆலோசனை சொல்ல 2014-ல் வந்தவர் யார் தெரியுமா? இலங்கையில் பிறந்து லண்டனில் புகழ் பெற்ற அதே சர் டெஸ்மண்ட் டி சில்வாதான்! பெல்பாஸ்ட் கொலையில் அவர் அறிக்கை கொடுத்ததும் ஒரு பிரதமர் மன்னிப்புக் கேட்டார். கொழும்பில் அப்படி எவரும் எழுந்து நிற்கவில்லை.

2015 செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம், இராணுவத்துக்கும் துணை ஆயுதக் குழுக்களுக்கும் இருந்த தொடர்பை விரிவாக எழுதியது. அதையொட்டிக் கொண்டுவந்த தீர்மானத்துக்கு இலங்கையும் கைச்சாத்துப் போட்டது. 2020-ல் அந்தக் கையை எடுத்துக்கொண்டது.

2025-ல் இரண்டு செய்திகள் வந்தன. மார்ச் மாதம் பிரிட்டிஷ் அரசாங்கம், இலங்கையின் மூன்று முன்னாள் படைத் தளபதிகள் மீதும் கருணா மீதும் தடை விதித்தது. ஏப்ரலில், அந்தக் குழுவிலிருந்து வந்து கிழக்கு மாகாண முதலமைச்சராகவும் இருந்த பிள்ளையான், 2006-ல் காணாமற்போன கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரவீந்திரநாத் தொடர்பாகக் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாமல் எவரையும் குற்றவாளி என்று நாம் சொல்லக்கூடாது. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இலங்கையில் நடந்ததற்குத் தடை போடுகிற லண்டன், பத்தாங் காலிக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது என்கிறது. ஊருக்கு உபதேசம் என்பது இதுதானோ?

வித்தியாசம் எங்கே?

பெல்பாஸ்ட்டில் பாதியாவது உண்மை வந்தது, மூதூரில் ஏன் வரவில்லை? அயர்லாந்தில் ஸ்டீவன்ஸ் கையில் கோப்புகள் கிடைத்தன. உளவாளிக்குக் கொடுத்த சம்பளமும் எழுத்தில் இருந்தது. செக்ரோல் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் அச்சமின்றி நீதிமன்றம் ஏற முடிந்தது. இலங்கையில் சாட்சி சொல்ல வருபவர் உயிரோடு வீடு திரும்புவாரா என்பதே கேள்வி. சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015-ல்தான் வந்தது. பத்தாங் காலியிலோ, கேட்க வேண்டிய நேரத்தில் அந்தப் பெண்களிடம் யாருமே கேட்கவில்லை.

ஆகவே ஓர் அரசாங்கம் உண்மையாகவே பதில் சொல்கிறதா என்று பார்க்க, கமிஷன்களை எண்ண வேண்டாம். மூன்று காரியங்களைப் பார்த்தால் போதும். யாருக்கு ஆயுதம் கொடுத்தோம், யார் உத்தரவில் கொடுத்தோம் என்ற பேரேட்டைத் திறந்து காட்டுகிறதா? சாட்சி சொல்லும் ஏழையைக் காப்பாற்றுகிறதா? தன் ஆளானாலும் நீதிமன்றத்தில் நிறுத்துகிறதா? மன்னிப்பு நல்லதுதான். ஆனால் இந்த மூன்றும் இல்லாத மன்னிப்பு, அரிசி இல்லாத உலைபோல.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? மூன்று இடத்திலும் கணக்கை மறக்க விடாமல் காத்தது வீட்டில் உள்ளவர்கள், பெரும்பாலும் பெண்கள். லாரியில் ஏற்றப்பட்ட பத்தாங் காலிப் பெண்கள் கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். ஜெரால்டின் 35 ஆண்டு நீதிமன்றப் படி ஏறினார். கிளிநொச்சியில் காணாமற்போனவர்களின் தாய்மார்கள், பிள்ளைகளின் படத்தைக் கையில் ஏந்தி, 2017 பிப்ரவரி 20 முதல் தெருவோரத்தில் அமர்ந்தார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண் மூடிவிட்டார்கள்.

நம் வீடுகளிலும் முள்வேலிக் காலத்தைக் கண்ட பெரியவர்கள் இன்னும் ஒரு சிலர் இருக்கிறார்கள். எஸ்.சி.யாகக் காவல் நின்ற தாத்தா இருக்கலாம். கேட்டில் அரிசிப் பொட்டலத்தைப் பறிகொடுத்த பாட்டி இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். என்ன நடந்தது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் பேர் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பழைய அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, படங்கள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அரசாங்கத்துப் பேரேடு தொலைந்து போகலாம். நம் வீட்டுச் செக்ரோல் தொலையாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.